கேள்வி நோட்டு: நீலகிரித் தேயிலைத் தோட்டப் பங்கு ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள்

மக்களின் சமயக் கேள்விகளுக்கு விடை சொல்ல எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், உருவான எங்கள் குழு முதன்முதலில் எழுதி மாட்டிய துணிப் பதாகையில் புனித பேதுருவின் வசனம் பாதிதான் இருந்தது. உங்கள் எதிர்நோக்கைக் குறித்து யார் விளக்கம் கேட்டாலும் விடையளிக்க எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்று அவருடைய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. அதைப் பணிவோடும் மரியாதையோடும் செய்யுங்கள் என்று அடுத்து வரும் பகுதி துணியில் இல்லை. குன்னூரில் எழுதிக் கொடுத்த ஓவியர், எழுத்தைச் சிறிதாக்கினால் தூரத்திலிருந்து தெரியாது என்பதால் அதை விட்டுவிட்டதாகச் சொன்னார். பங்கு மன்றத்தில் அது மூன்று மாதம் தொங்கியும் எங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. பங்குத்தந்தைதான் ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்போது நாங்களும் அந்தப் பாதி வசனத்தைப் போலத்தான் இருந்தோம்.

நான் குருவும் அல்ல, குருமடத்தில் படித்தவனும் அல்ல. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. பாட்டி கொண்டுவந்த மடு மாதா படம் இன்றும் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. 2012 அக்டோபர் 11 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பொதுப் பேரவை) தொடங்கிய ஐம்பதாம் ஆண்டு நிறைவில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நம்பிக்கை ஆண்டைத் தொடங்கிவைத்தார். அதையொட்டி, மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு விளக்கம் சொல்ல, குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரிலிருந்து ஒரு குழு வேண்டும் என்று எங்கள் பங்குத்தந்தை ஞாயிறு திருப்பலி முடிவில் கேட்டபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சீசன் நாட்களில் இரவு முழுவதும் கொழுந்து வாடுவதற்காகக் காத்திருப்பது என் தொழில். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் அந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. அந்தக் காத்திருப்பில்தான் 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலை, அதன் 2,865 பத்திகளையும், இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தேன்.

இத்தகைய பணியைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது வாதங்களைத் திரட்டுவது அல்ல, பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுவது. நாங்கள் அதைச் செய்யாமல், ‘கத்தோலிக்க’ என்ற சொல்லோடு கம்பீரமான ஒரு பெயரையும் சூட்டிக்கொண்டு, நன்கொடை ரசீதுப் புத்தகமும் அச்சடித்துவிட்டோம். தங்கள் சொந்த முயற்சியால் திருத்தூதுப் பணிகளைத் தொடங்கி நடத்தும் உரிமை நம்பிக்கையாளர் அனைவருக்கும் உண்டு என்று 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 216-ஆம் சட்டம் சொல்கிறது. தகுதியுள்ள திருச்சபை அதிகாரியின் இசைவின்றி எந்த முயற்சியும் கத்தோலிக்கம் என்ற பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சமய நோக்கத்துக்காகத் தனியார் பணம் திரட்ட எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்பது 1265-ஆம் சட்டம். ரசீதுப் புத்தகம் மறுவாரமே அடுப்புக்குப் போனது. அன்று முதல் எங்களுக்குப் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை; தேநீர்ச் செலவை முறை வைத்து ஏற்கிறோம். உண்மையில் இது பெரிய விடுதலை. பணம் இல்லாத குழுவில் பதவிச் சண்டை வருவதில்லை.

கூட்ட நேரத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஊர் வழக்கப்படி மாலை ஆறு மணி என்று வைத்தோம். இரண்டு கூட்டம் நிரம்பி வழிந்தது; மூன்றாவது கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நான் வருந்திக்கொண்டிருக்க, தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளிலிருந்து வரும் பெண்களோ, இருட்டிய பிறகு தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, கரடியும் நடமாடுகிறது, யார் வருவார்கள் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்தவுடன், சந்தைக்குப் போகும் அவசரத்துக்கு இடம் விட்டு, நாற்பதே நிமிடம். சம்பளம் போட்ட வாரமென்றால் அதிலும் பாதி.

இனி கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் கத்தோலிக்கரிடம் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் பெந்தகோஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள்; அவர்களில் பலர் ஒருகாலத்தில் நம் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், நம் உறவினர்கள். கேள்விகள் மேடையில் வருவதில்லை; கொழுந்து பறிக்கும் வரிசையில், பக்கத்துப் பக்கத்துப் புதருக்கு முன் நிற்கும் இரண்டு பெண்களுக்கிடையே வருகின்றன. அங்கே நம் பெண் முதலில் தடுமாறுவது இறையியலில் அல்ல, புத்தகங்களின் பெயரில். அவர்கள் யாத்திராகமம் என்பதை நாம் விடுதலைப் பயணம் என்கிறோம். எண்ணாகமம் நமக்கு எண்ணிக்கை, உபாகமம் இணைச் சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பழகியவருக்கு “யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் எடுங்க அக்கா” என்றால் எதை எடுப்பது என்றே தெரியாது. அந்த ஒரு நொடித் திகைப்பே தோல்வியாகத் தெரிந்துவிடும். ஆகவே நாங்கள் நடத்திய உருப்படியான முதல் வகுப்பு இரு மொழிபெயர்ப்புகளின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஓர் அட்டைதான். இன்றும் கூட்டத்தில் இரண்டு வேதாகமமும் மேசையில் இருக்கும். இயன்றவரை அவர்களுடைய பதிப்பிலிருந்தே விடை சொல்லப் பழகுங்கள். நம் பதிப்பில் 73 நூல்கள் இருக்க அவர்களுடையதில் 66 ஏன் என்ற கேள்வி தானாக வரும்போது, அதைத் தனியாக ஒருநாள் எடுத்துக்கொள்ளலாம்.

மிக அதிகமாக வரும் கேள்வி, “நீங்க மாதாவைக் கும்பிடுறீங்களா?” என்பது. இதற்கு ஆம் என்றாலும் தவறு, இல்லை என்றாலும் பொய். காரணம் தமிழிலேயே இருக்கிறது. நாம் சாமியையும் கும்பிடுகிறோம். திருமணத்தன்று பெரியவர்கள் காலில் விழுந்தும் கும்பிடுகிறோம். எதிரே வரும் ஆசிரியரைக் கண்டால் கும்பிடுறேன் என்கிறோம். படைத்தவருக்கு மட்டும் உரிய ஆராதனையும் மனிதருக்குத் தரும் வணக்கமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. திருச்சபை இந்த இரண்டையும் கி.பி. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டது: ஆராதனை இறைவனுக்கு மட்டுமே, திருவுருவத்துக்குச் செலுத்தும் மரியாதை அதில் காட்டப்படுபவரைச் சென்றடைகிறது. சங்கத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லித் தொடங்கினால் தேயிலைக் காட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் குழுவில் உள்ள ஓர் அக்கா அதை வேறு விதமாகச் சொன்னார்: “உங்க அம்மா போட்டோவுக்கு நீ மாலை போடுறே. அது ஆராதனையா?” மொழியின் சிக்கலை மொழியைக் கொண்டே அவிழ்த்த அந்த ஒரு கேள்வி, நான் தயாரித்து வைத்திருந்த நான்கு பக்கக் குறிப்பைத் தேவையற்றதாக்கியது.

இயேசுவுக்குச் ‘சகோதரர்கள்’ இருந்ததாக வேதம் சொல்ல, மரியா எப்படி என்றும் கன்னி என்ற கேள்வியிலும் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. சித்தப்பா மகனையும் பெரியம்மா மகனையும் தம்பி, அண்ணன் என்று அழைத்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் ‘கூடப்பிறந்த’ என்று சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். மாற்கு 6:3-இல் இயேசுவின் சகோதரராகச் சொல்லப்படும் யாக்கோபு, யோசே என்ற பெயர்கள், சிலுவையைத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேறொரு மரியாவின் மக்களுடைய பெயர்களாக 15:40-இல் வருவதைக் காட்டினால் நம் மக்களுக்கு எளிதில் விளங்கும். ஆனால் இது அந்தச் சொல் எதையும் முடிவுசெய்யாது என்பதை மட்டுமே காட்டுகிறது, மரியாவின் கன்னிமையை நிறுவிவிடவில்லை. அந்த நம்பிக்கை திருச்சபையின் மரபிலிருந்து வருகிறது. எடுத்துவைக்கும் சான்றின் எடை இவ்வளவுதான் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் நம்மை நம்பத் தொடங்குகிறார்.

சுரூபங்கள், அதாவது கோயில் சிலைகள், பற்றிய விவாதத்தில் எண்ணாகமம் 21-இல் மோசே செய்த வெண்கலப் பாம்பைக் காட்டுவது எல்லோரும் செய்வது. பிறகு அந்தப் பாம்புக்கே மக்கள் தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார் என்று அரசர்கள் இரண்டாம் நூல் 18-ஆம் அதிகாரம் சொல்வதை நம்மவர்கள் காட்டுவதில்லை. நான் காட்டுகிறேன். கெபிக்கு (மாதா சிலை வைத்த குகைக்கு) முன் நின்று நேர்ச்சையை ஒரு பேரமாக நடத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசினால், கேட்பவர் கண்ணால் கண்டதையே மறுக்கிறோம்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு பெரிய தவறுக்குப் பிறகு. இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன், ஒருகாலத்தில் பீடப் பணியாளனாக இருந்தவன், ஒரு ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தான். கோத்தகிரிப் பேருந்தில் என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து அமர்ந்து, இறந்தோர் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அன்று நான் நன்றாகத் தயாராக இருந்தேன். இறந்தோரின் பாவம் நீங்க யூதா மக்கபே பலி ஒப்புக்கொடுக்கச் செய்ததைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம், நெருப்பில் அகப்பட்டவர்போல் தப்புவதைச் சொல்லும் 1 கொரிந்தியர் 3:15, மறைக்கல்வி நூலின் 1030 முதல் 1032 வரையிலான பத்திகள் என்று அடுக்கினேன். மக்கபேயரை எங்கள் சபை ஏற்பதில்லை என்றான். 1546-இல் திரெந்து சங்கம் உறுதி செய்த பட்டியலையும், அதற்குப் பல நூற்றாண்டு முன்பே 397-இல் கார்த்தேஜ் சங்கம் தந்த பட்டியலையும் சொன்னேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். இறங்கும்போது, “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னான். அன்றிரவு, கேள்விகளையும் விடைகளையும் குறித்துவைக்கும் நோட்டில் அதை ஒரு வெற்றியாகவே எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் நான் அதைப் பெருமையாகச் சொல்லி முடித்ததும், மேலே சொன்ன அதே அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஐயா, அவன் அப்பா எப்படிப் போய்ச் சேந்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா?” அந்த மனிதர் கடன் நெருக்கடியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். வேறொரு பங்கில் நடந்த அந்த அடக்கத்தின்போது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா கூடாதா என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் மகனின் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அவன் என்னிடம் கேட்டது வேதத்தில் ஒரு கோட்பாட்டின் இடத்தை அல்ல, தன் அப்பாவின் இடத்தை.

கொடுமை என்னவென்றால், அதற்கான விடை என் பையிலேயே இருந்தது. தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது 1917 சட்டத் தொகுப்பு. 1983 தொகுப்பில் அந்தத் தடை இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் பழைய சட்டம்தான் இன்னும் ஆட்சி செய்கிறது. மறைக்கல்வி நூலின் 2282-ஆம் பத்தி, கடும் மனநலப் பாதிப்பும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. 2283-ஆம் பத்தி, தம் உயிரை மாய்த்துக்கொண்டோரின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பைத் தர வல்லவர் என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் சொல்கிறது. நான் 1030-ஐத் திறந்தவன், 2283-ஐத் திறக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா தேநீர் கொடுத்தார். அவன் வெளியே வரவில்லை.

அதன் பிறகு நோட்டில் ஒரு கட்டம் கூடியது. முன்பு கேள்வி, விடை என்று இரண்டு கட்டம்தான். இப்போது நடுவில், ‘இதை ஏன் இன்று கேட்கிறார்’ என்று ஒன்று. அது காலியாக இருந்தால் விடை சொல்வதில்லை என்பது எங்களுக்குள் ஓர் ஒழுங்கு. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் எதற்கு, நேரே கடவுளிடம் சொல்லக்கூடாதா என்று கேட்ட ஒரு மேஸ்திரியின் வரிசையில் அந்த இடம் நான்கு மாதம் காலியாக இருந்தது. பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சொல்லும் யோவான் 20:23-ஐ அவருக்கு நாங்கள் காட்டவே இல்லை. ஒருநாள் அவரே, முப்பது ஆண்டுகளாகப் போகவில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, ஃபாதர் திட்டுவாரா என்று கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டது வாதம் அல்ல. கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஓர் ஆள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த மாதம் விடையோடு வருவதும் ஒரு பயிற்சிதான். ஆண்களுக்கு இது கடினமாக இருக்கிறது, எனக்கும்தான். பெண்கள் இதைச் சிரமமின்றிச் செய்கிறார்கள். எங்கள் குழுவில் இப்போது அவர்களே அதிகம்.

இந்து அண்டை வீட்டாரிடம் நம்பிக்கையைப் பகிர்வது முற்றிலும் வேறான விஷயம். இந்த மலைகளுக்கு வந்து எழுதி வைத்த முதல் ஐரோப்பியர், 1603-இல் மண்ணார்க்காடு வழியாக ஏறிய இயேசு சபைக் குரு ஃபெனிசியோ. தொலைந்துபோன கிறிஸ்தவர்கள் இங்கே வாழ்வதாகக் கேள்விப்பட்டுத் தேடி வந்தவர், தோடர்களைத்தான் கண்டார். பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் பரிசாகக் கொடுத்தார் என்பது அவருடைய குறிப்பிலேயே உண்டு. அதை வாசிக்கும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். எங்கள் குழு எதையும் கொடுப்பதில்லை. அரிசி, மருந்து உதவியெல்லாம் வின்சென்ட் தே பால் சபை பார்த்துக்கொள்கிறது, அங்கே நாங்கள் வாய் திறப்பதில்லை. அன்புப் பணியை மதம் மாற்றும் கருவியாக்கக் கூடாது என்று பதினாறாம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலில் எழுதியிருக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தன் சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தந்தாலும், அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் புதிதாகச் சேருவோருக்குச் சொல்லிவைக்கிறோம். கேட்டால் சொல்வோம், கேட்கும்வரை நல்ல அண்டை வீட்டாராக இருப்போம். ஒருவர் திருமுழுக்குப் பெற விரும்பினால் அதற்கான பயிற்சிக்காலம் பங்குத்தந்தையின் பொறுப்பு. அந்த எல்லையில் நாங்கள் விலகிக்கொள்கிறோம்.

வாட்ஸ்ஆப் பற்றி ஒரு வரி போதும். மூலம் தெரியாத புதுமைச் செய்தி எதையும் அனுப்பக் கூடாது; அனுப்பிவிட்டால் அதே குழுவில் திருத்தம் போட வேண்டும். நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன்.

இது நமக்குப் புதிய பணியும் அல்ல. வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களை மறுத்து எழுதியதை நினைவில் வைத்திருப்பவர்கள், மறைக்கல்வி கற்பிக்கும் சாதாரண வேதியர்களுக்கென்று அவரே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊர் ஊராகப் போன அந்த வேதியர்கள், பின்னாளின் உபதேசியார்கள், நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள்தான். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயமும் பொதுநிலையினரே.

கடந்த நவம்பர் 2-ஆம் நாள், இறந்தோர் அனைவரின் நினைவு நாளில், கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு (கல்லறைகளை ஆசீர்வதித்தல்) முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, அந்த இளைஞன் தன் அம்மாவோடு கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்றிருந்தான். இன்றும் அவன் அதே ஜெப வீட்டுக்குத்தான் போகிறான்; திருமணமும் அங்கேதான் நடந்தது. அம்மா மட்டும் உள்ளே வந்து மெழுகுவத்தி ஏற்றினார். நான் வணக்கம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஐயா, அம்மாகிட்ட அன்னைக்கு ஏதோ ஒரு பத்தி சொன்னீங்களாமே, அது எத்தனாவது?” என்றான். 2283 என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மழை வலுக்கும் முன் அம்மாவை அழைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனான்.